கடல்கோளும் கண்டப் பெயர்ச்சியும்

1. முன்னுரை

சில ஆண்டுகட்கு முன், எம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் விடுமுறை கழிந்து மீண்டபோது கல் ஒன்றைக் கொணர்ந்தார். அரியலூர்ப் பகுதியிலுள்ள தம் நிலத்தில் உழவின்போது கிடைத்தது என்றார். அஃது உள்ளங்கை அளவினது; சுருள் சுருளாக வரியோடியது; கல்லாய்ச் சமைந்த கடல்வாழ் உயிரொன்றின் ஓடு. அவ்வாரம் சிலப்பதிகாரக் காடுகாண் காதையைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்திக்கு விளக்கமாக, இந்தியப் பெருங்கடலில் லெமூரியா என்னும் பெருங்கண்டம் அமிழ்ந்தது எனக் கூறியிருந்தோம். மாணவர் வினவியது இதுதான்: கடற்கரைக்கு 80 கி.மீ.க்கு மேல் உள்ளே கிடக்கும் தம்மூரைக் கடல் கொண்டது எந்தச் சங்கத்தின் காலத்தில்?

அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. எம் ஆசிரியர் எமக்குக் கூறியதை யாம் மாணவர்க்குக் கூறிவந்தோமேயன்றி, நிலவியலார் இன்று கூறுவது யாது எனத் தேடியறிந்திலேம். அவ்வினாவின் தூண்டுதலால் பின்னர்க் கற்றவற்றைத் தமிழாய்வார்க்கும் முதுகலை மாணவர்க்கும் பயன்படுமாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கண்டங்கள் நகர்வன என்னும் கொள்கை யாது, அதற்குக் காவிரிப்படுகை தரும் சான்று யாது, நம் நூல்கள் கூறும் கடல்கோளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பவற்றை முறையே காண்போம்.

2. நூலும் உரையும் கூறுவன

முதலில் நம் சான்றுகளைப் பிரித்துக் காணல் வேண்டும். சிலப்பதிகாரம், பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலால் கொள்ளப்பட்டமையைச் சுட்டுகின்றது. அந்நிலத்தின் பரப்பைக் கூறவில்லை. புறநானூறு பஃறுளியாற்றைப் பெயர் சொல்லிச் சுட்டுகின்றது. முல்லைக்கலி, கடல் நிலத்தை வௌவியதையும், பாண்டியன் பிறர் நிலங்களை வென்று அவ்விழப்பை ஈடுசெய்ததையும் கூறுகின்றது. இவை பாட்டுச் சான்றுகள்.

அடுத்தவை உரைச் சான்றுகள். இறையனார் அகப்பொருளுரை மூன்று சங்கங்களின் வரலாற்றைத் தருகின்றது. தலைச்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நிலவின என்பது அவ்வுரை. கூட்டினால் 9,990 ஆண்டாகும். இடைச்சங்கத்தைப் பற்றிக் கூறுமிடத்து, பாண்டியநாட்டைக் கடல்கொண்டது அக்காலத்தில் என்னும் செய்தியோடு ‘போலும்’ என்னும் சொல்லை உரையாசிரியர் சேர்த்துள்ளார். இதனை ஒப்பில் போலியாகக் கொள்வாரும் உளராகலாம். அங்ஙனம் கொள்ளினும், ‘என்ப’ ‘என்ப’ என அவர் தம் செய்திகளைப் பிறர்மேல் வைத்துச் செல்வதை மறுத்தற்கில்லை. கேட்டதைக் கேட்டவாறு கூறும் நேர்மை அவ்வுரையில் உண்டு. நாமே அதனை நேரிற் கண்டார் கூற்றாக ஆக்கிவிட்டோம்.

நிலத்தின் பரப்பை விரித்துக் கூறியவர் அடியார்க்கு நல்லார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்டது 700 காவதம் எனவும், அதனுள் ஏழ்தெங்கநாடு முதலாக 49 நாடுகள் இருந்தன எனவும் வேனிற்காதை உரையில் எழுதினார். காவதத்தின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பத்து மைல் எனக் கொள்வார் கணக்கின்படி 700 காவதம் 7,000 மைலாகும். குமரிமுனையினின்று தென்முனை வரை அளப்பினும் 6,800 மைலுக்கு மேற்படாது. அஃதாவது, அந்நாடு தென்முனையையும் கடந்து அப்பாற் செல்லும். ஆதலின் இவ்வெண்ணை அளவெண்ணாகக் கொள்வதினும், பெருமை குறித்த மரபெண்ணாகக் கொள்வதே பொருந்தும்.

3. லெமூரியா வந்த வழி

லெமூரியா என்பது தமிழ்ச்சொல்லும் அன்று; பழைய சொல்லும் அன்று. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் படைத்த பெயர் அது. லெமூர் என்னும் சிறு விலங்கினம் மடகாசுகரில் மிகுதியாக வாழ்கின்றது. அதன் சுற்றத்ததாகிய தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 2022இல் அதற்கெனத் தனிப் புகலிடமே அமைக்கப்பட்டது. கடலால் பிரிந்த இருவேறு நிலங்களில் உறவுடைய உயிர்கள் எங்ஙனம் வந்தன? இடையே ஒரு நிலம் இருந்து பின் அமிழ்ந்திருத்தல் வேண்டும் என ஸ்கிளேட்டர் கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். செருமானிய அறிஞர் எர்ணஸ்ட் ஹெக்கல் ஒருபடி மேற்சென்று, மாந்தரினம் தோன்றிய இடமும் அதுவாகலாம் என்றார்.

அக்கால நிலவியலாரும் இக்கருத்துக்கு இடம் தந்தனர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த எடுவர்ட் சூயஸ், 1885இல், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் மடகாசுகரையும் உள்ளடக்கிய பழம்பெருநிலம் ஒன்றுக்குக் கோண்டுவானா எனப் பெயரிட்டார். நடு இந்தியாவின் கோண்டர் நாட்டுப் பாறையடுக்குகளுக்கு இங்குள்ள நிலவியலார் முன்னரே வழங்கிய பெயர் அது. பெருநிலத்தின் இடைப்பகுதிகள் கடலுள் தாழ்ந்தன என்பதே சூயஸின் கொள்கை.

ஆதலின், 1903இல் வெளிவந்த ‘தமிழ்மொழியின் வரலாறு’ என்னும் நூலில் குமரிநாட்டைப் பற்றிப் பரிதிமாற் கலைஞர் எழுதியபோதும், 1940களின் தொடக்கத்தில் கா. அப்பாத்துரை குமரிக்கண்டத்தைப் பற்றித் தனிநூல் இயற்றியபோதும், அவர்கள் அறிவியலைப் புறக்கணித்தார் அல்லர். தம் காலத்து அறிவியலார் பலர் உடன்பட்ட கருத்தையே துணைக்கொண்டனர். குமரிகண்டம் என்னும் சொல்லைக் கந்தபுராணத்தினின்று எடுத்தாண்டனர். ஆங்கே அது பரதகண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றன் பெயர். அமிழ்ந்த நிலம் என்னும் பொருளில் வரவில்லை. இச்சொற்களும் கருத்துகளும் ஒன்றோடொன்று கலந்த வரலாற்றை, சுமதி இராமசாமி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாகக் காணலாம். முன்னோர் பிழை செய்தார் எனல் தகாது. அவர்தம் துணைநூல் மாறிய பின்னும் நாம் மாறாதிருத்தலே பிழை.

4. கண்டங்கள் நகர்ந்தன என்னும் கொள்கை

செருமானியரான ஆல்பிரட் வெகனர், 1912இல், கண்டங்கள் அமிழ்ந்தில, நகர்ந்தன என்றார். 1915இல் அதனை நூலாக வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் மேற்குக்கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக்கரையும் பொருந்துதல், ஒரேவகைத் தாவரப் படிவங்கள் பிரிந்த நிலங்களிற் கிடைத்தல், வெப்பநாடுகளாகிய இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பழம்பனிப்பாறையின் தடங்கள் காணப்படுதல் ஆகியன அவர் காட்டிய சான்றுகள். கிளாசாப்டெரிஸ் என்னும் செடியின் இலைப்படிவம் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அண்டார்க்டிகா ஆகிய ஐந்திலும் கிடைத்துள்ளது. எனினும் கண்டங்களை நகர்த்தும் விசை யாது என்னும் வினாவுக்கு வெகனரால் விடை தர இயலவில்லை. அறிஞர் பலர் எள்ளினர். 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் இறந்தார்.

விடை கடலடியிற் கிடைத்தது. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தால் மெல்ல ஓடும் ஓட்டங்கள் உண்டு என ஆர்தர் ஹோம்ஸ் முன்னரே கூறியிருந்தார். உலைநீர் கொதிக்கையில் அடியிலுள்ள அரிசி நடுவே எழுந்து, ஓரத்தில் இறங்குதலை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். வேறுபாடு யாதெனின், நிலத்தின் உட்பகுதி நீர்போல் ஓடுவதன்று. திண்ணிய பாறையே கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெழுகுபோல் இளகி நகர்கின்றது. 1962இல் ஹாரி ஹெஸ், கடல்நடுவே நீண்டு கிடக்கும் மலைத்தொடர்களில் புதிய கடற்றளம் பிறந்து இருமருங்கும் விலகிச் செல்கின்றது என்றார். 1963இல் வைன், மேத்யூஸ் என்னும் இருவர், அம்மலைத்தொடரின் இருபுறத்தும் கடற்றளப் பாறையின் காந்தத்தன்மை ஒரேவகைக் கோடுகளாக மாறிமாறி அமைந்திருத்தலைக் கொண்டு இதனை நிறுவ வழிகாட்டினர். 1967, 1968ஆம் ஆண்டுகளில் புவித்தட்டுக் கொள்கை முழுவடிவம் பெற்றது. நிலவுலகின் மேலோடு சில பெருந்தட்டுகளாகப் பிரிந்துள்ளது; அவை விலகும், மோதும், உராயும் என்பது அதன் சாரம்.

இக்கொள்கையால் அமிழ்ந்த கண்டம் என்னும் கருத்து நிலைகுலைந்தது. கண்டத்தின் பாறை இலேசானது. 30 முதல் 40 கி.மீ. வரை தடித்தது. கடற்றளத்தின் பாறை கனமானது. ஏறத்தாழ 7 கி.மீ. தடிப்பினது. விதைநெல் தேர்வார் நெல்லை நீரிலிடுவர்; பதர் மிதக்கும், மணி அமிழும். அதுபோல இலேசான கண்டம் கீழுள்ள கனத்த பாறையின்மேல் மிதந்து நிற்குமேயன்றி, பெருங்கடலின் ஆழத்துள் மூழ்கிவிடாது. 1959 முதல் 1965 வரை நிகழ்ந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் இந்தியாவும் பங்குகொண்டது. 1972இல் ‘குளோமர் சேலஞ்சர்’ என்னும் கப்பல் இப்பெருங்கடலின் தளத்தைப் பலவிடத்துத் துளையிட்டது. தளத்தின் பெரும்பகுதி கடலிலேயே பிறந்த இளம்பாறை என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று. மடகாசுகருக்கும் குமரிக்கும் இடையே மூழ்கிய பெருங்கண்டம் கிடக்கவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். மொரிசியசுத் தீவின் அடியில் பழங்கண்டத்துண்டு உண்டு என 2013இலும் 2017இலும் அறிவியலார் வெளியிட்டனரன்றோ எனின், உண்மையே. ஆயின் அது மடகாசுகரும் இந்தியாவும் பிரிந்தபோது இடையே சிதறிய சிறுதுண்டு. அப்பிரிவு நிகழ்ந்து எட்டுக்கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. அன்று மாந்தரினமே இல்லை. ஆதலின் அச்செய்தி சங்கவரலாற்றுக்குச் சான்றாகாது.

5. காவிரிப்படுகையின் சான்று

கண்டம் பிளந்த வடுவைக் காண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தஞ்சைப் பெரியகோயிலே தக்க தொடக்கமாகும். 1010இல் நிறைவுற்ற அக்கற்றளிக்கு வேண்டிய கருங்கல்லில் ஒன்றுகூடத் தஞ்சை மண்ணிற் கிடைப்பதன்று. மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கொணரப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் நகரின் நடுவே குன்றாக ஓங்கி நிற்கும் பாறை, தஞ்சையில் எங்ஙனம் மறைந்தது? அது மறையவில்லை, தாழ்ந்துள்ளது. மேற்கே தரைக்குமேல் தெரியும் பழம்பாறை, கிழக்கே பிளவுகளால் படிப்படியாக உடைந்து இறங்கிவிட்டது. அதன்மேல் படிந்த வண்டலும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஆழ்ந்த பள்ளங்களில் 5 கி.மீ.க்கும் மேற்பட்ட தடிப்பின.

நிலவியலார் இதனைக் காவிரிப்படுகை என்பர். இஃது ஆற்றுப்படுகையை மட்டும் குறிப்பதன்று; புதுச்சேரி முதல் பாக்நீரிணை வரை நிலத்திலும் கடலிலும் பரந்த பிளவுத்தாழ்வைக் குறிப்பது. நிலப்பகுதி மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கி.மீ. பரப்பினது. எண்ணெய் தேடுவார் 1964இல் முதல் ஆழ்கிணறு தோண்டினர். அவர்தம் ஆய்வால், வயல்வெளிக்கு அடியில் மேடும் பள்ளமும் மாறிமாறி வடகிழக்கு நோக்கி நீண்டு கிடத்தல் புலப்பட்டது. தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினப் பள்ளம், வேதாரணிய மேடு என ஊர்ப்பெயர்களாலேயே அவை வழங்கப்படுகின்றன. மேலே நெல்வயல் பலகைபோல் சமமாகக் கிடப்ப, கீழே நிலம் முறிந்து கிடக்கின்றது.

அது முறிந்த வரலாறு இது. இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாசுகர், தென்னமெரிக்கா ஆகியன முன்பு ஒரே நிலமாக இருந்தன. நம் கிழக்குக்கரையை அடுத்துக் கடல் இல்லை; இலங்கையும் அண்டார்க்டிகாவின் என்டர்பி நிலமும் இருந்தன. பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோகைட்டு என்னும் கல்வகை இலங்கையிலும் அண்டார்க்டிகாவிலும் காணப்படுதல் அப்பழைய உறவைக் காட்டும். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகட்கு முன் நிலம் இழுபட்டுப் பிளவுபடத் தொடங்கிற்று. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகட்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவினின்று விலகிற்று. பிளவின் வழியே கடல் புகுந்தது.

அக்கடல் அரியலூர் வரை பரந்திருந்தது. ஊட்டத்தூர், அரியலூர், நின்னியூர் என்னும் ஊர்களின் பெயரால் வழங்கும் பாறையடுக்குகள், 11 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு வரையிலான அக்கடலின் படிவுகள். 1862இல் ஹென்றி பிளான்போர்டு இவற்றை விரித்தெழுதினார். இங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களைப் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா வகைப்படுத்தினார். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் இன்று வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அக்கடலிற் படிந்ததே. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் அக்கரையின் காட்டினின்று வந்து மண்ணிற் புதைந்தது. அதனை 1940இல் உலகறியச் செய்தவர் எம். எஸ். கிருஷ்ணன், தஞ்சை மாவட்டத்தவர், பின்னர் 1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமையேற்ற முதல் இந்தியர்.

மாணவரின் வினாவுக்கு விடை இப்போது கிடைக்கின்றது. அவர்தம் ஊரைக் கடல் கொண்டது எச்சங்கத்தின் காலத்திலும் அன்று. சங்கம் கூடுதற்கு மாந்தரே தோன்றாத காலத்தில்.

6. கால அளவு

இவ்விடத்தே தமிழாய்வார் கருத்தூன்ற வேண்டியது கால அளவாகும். அண்டார்க்டிகாவைப் பிரிந்த 13 கோடி ஆண்டுகளை ஒரே ஆண்டாகச் சுருக்கிக்கொள்வோம். தைத்திங்கள் முதல்நாளில் பிரிவு நிகழ்ந்தது எனின், மூன்று சங்கங்களுக்கும் உரையாசிரியர் கூறும் 9,990 ஆண்டுகளும் மார்கழிக் கடைநாளின் இறுதி இரண்டு நாழிகைக்குள் அடங்கிவிடும்.

இடத்தாலும் அளந்து காணலாம். இந்தியத்தட்டு இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்கு நோக்கி நகர்கின்றது. இவ்விரைவில் 9,990 ஆண்டுகளில் நகரும் தொலைவு ஏறத்தாழ 500 மீட்டர். தஞ்சை அரண்மனையினின்று பெரியகோயிலுக்கு நடந்துசெல்லும் தொலைவினும் குறைவு. ஆதலின் கண்டப் பெயர்ச்சியைப் பஃறுளியாற்றின் அழிவுக்குக் காரணமாகக் காட்டல் எவ்வாற்றானும் பொருந்தாது. ‘லெமூரியா இல்லையெனில் கோண்டுவானா உண்டே’ எனப் பெயரை மட்டும் மாற்றி எழுதுவார்க்கும் இவ்விடையே அமையும்.

7. கடல்கோள் பொய்யோ?

அங்ஙனமாயின் கடல்கோள் முழுதும் கற்பனையோ எனின், அன்று. கடல் நிலத்தைக் கொள்ளும் வழி பிற உள.

ஒன்று, கடல்மட்ட உயர்வு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், உலகின் நீரில் இன்றுள்ளதினும் மிகுதியான பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று பாக்நீரிணை தரை. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். குமரிமுனைக்குத் தெற்கிலும் கடற்கரை இன்றுள்ளதினும் தள்ளியிருந்தது. பனி உருகக் கடல் மெல்ல ஏறி, 7,000 ஆண்டுகட்கு முன் ஏறத்தாழ இன்றைய அளவை நெருங்கிற்று. இழந்த நிலம் கண்டமன்று, கரையோரம். ஆயின் அக்கரையில் வாழ்ந்தார்க்கு அதுவே உலகம். இவ்விழப்பின் நினைவு பாட்டுக்காலம் வரை வழிவழி வந்ததா என்பது தனியே ஆராய்தற்குரியது. வந்ததென உறுதி கூறுதற்குரிய சான்று நம்மிடம் இல்லை.

மற்றொன்று, ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில், இந்தியத்தட்டு பர்மாத்தட்டின்கீழ் இறங்குமிடத்தில், 1,200 கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்துக்கு நிலம் முறிந்து நழுவிற்று. நிலநடுக்கத்தின் அளவு 9.1. மூன்று மணிநேரத்துக்குள் அலை நாகப்பட்டினத்தை அடைந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று வேளாங்கண்ணிக் கரையில் நின்றார்க்கு மணிமேகலை கூறும் புகாரின் அழிவு கதையாகத் தோன்றியிராது. தட்டு நகர்தல் ஆண்டுக்குச் சில செ.மீ. ஆயினும், நெடுநாள் அடங்கி நின்ற அந்நகர்ச்சி ஓரிரு நொடியிலும் நிமிடத்திலும் வெளிப்படுங்கால் இத்தகைய கேடு நிகழும். கண்டப் பெயர்ச்சிக்கும் கடல்கோளுக்கும் உள்ள மெய்யான தொடர்பு இதுவே.

மூன்றாவது, கரையரிப்பும் வண்டல்நிலம் தாழ்தலும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் நிகழ்ந்த அகழாய்வில் செங்கற்கட்டடமும் மரக்கால்களும் வெளிப்பட்டன. அது படகுத்துறை எனக் கருதப்படுகின்றது. புகாரைக் கடல் கொண்டது ஒருநாளிலா, பல தலைமுறைகளிலா என்பதை அகழாய்வும் கடலாய்வுமே காட்டல் வேண்டும். இந்திரவிழா மறந்தமையால் அழிந்தது என்னும் காரணம் காப்பியத்துக்குரியது. அழிவு என்னும் நிகழ்ச்சி நிலத்துக்குரியது. இரண்டையும் வேறுபடுத்தி ஆராய்தல் நம் கடன்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: நூல் கூறும் கடல்கோளும், உரை கூறும் 49 நாடும், ஐரோப்பிய விலங்கியலார் கூறிய லெமூரியாவும் வெவ்வேறு காலத்தன, ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்கல் தகாது. கோண்டுவானாவின் பிளவு கோடிக்கணக்கான ஆண்டுக்குரியது. கடல்மட்ட உயர்வு ஆயிரக்கணக்கான ஆண்டுக்குரியது. ஆழிப்பேரலை ஒரு காலைப்பொழுதுக்குரியது. கடல்கோட் செய்திகளை ஆராய்வார் பின்னைய இரண்டினுள்ளும், கரையரிப்பினுள்ளும் விடை தேடல் வேண்டும்.

லெமூரியாவைக் கைவிடின் தமிழின் தொன்மைக்குக் குறைவு நேரும் என அஞ்சுவார் உளர். தமிழின் தொன்மை தொல்காப்பியத்திலும், தொகைநூல்களிலும், தமிழிக் கல்வெட்டுகளிலும், அகழாய்வில் வெளிப்படும் எழுத்துப்பொறித்த ஓடுகளிலும் நிலைபெற்றுள்ளது. அவற்றை நிலவியலார் கைவிட்ட கொள்கை ஒன்றோடு பிணைப்பின், அக்கொள்கை வீழுங்கால் நம் சான்றுகளும் ஐயத்துக்கு இடமாகும். அவ்விடரினின்று நம் நூல்களைக் காத்தல் தமிழாசிரியர் பொறுப்பாகும்.

இப்போது காடுகாண் காதையைப் பாடம் சொல்லுங்கால், அம்மாணவர் தந்துசென்ற கல்லை மேசைமேல் வைத்துத் தொடங்குகின்றோம். அக்கல்லின் வயது யாது, பாட்டின் வயது யாது, உரையின் வயது யாது என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் தனித்தனியே வினவப் பழகுதல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.